சுத்தியல் தடமும் சூளை நிறமும்: ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் காலத்து வெள்ளி, மட்பாண்டம் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

வெள்ளிப் பாத்திரம் என்றால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். 1900-ஐ ஒட்டி லண்டனில் செய்த சில வெள்ளிக் கிண்ணங்களைப் பார்த்தால் இந்த எண்ணம் ஆட்டம் காணும். கிண்ணத்தின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரு சுத்தியல் அடி. வெளிச்சம் பட்டால் பளிச்சென்று ஒரு கோடாக அடிக்காமல், மெல்லப் பரவி நிற்கும். அந்தப் பட்டைகளைத் தேய்த்து வழவழப்பாக்க அன்றைக்கு எல்லாப் பட்டறையிலும் வழி இருந்தது. வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஏன் விட்டுவைத்தார்கள் என்று புரிந்துகொண்டால் இந்தக் காலத்துப் பொருள்களைச் சேகரிப்பதில் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். மீதிப் பாதி, அப்படி விட்டுவைத்ததுபோல் காட்டிக்கொண்ட பொருள்களை அடையாளம் காண்பது.

இது எங்கிருந்து வந்தது

1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை கட்டி, உலகத்தின் தொழில் பொருள்களையெல்லாம் காட்சிக்கு வைத்தார்கள். இயந்திரத்தால் எதையும் செய்ய முடியும் என்பதற்கு அது பெரிய சாட்சி. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலங்காரம் மலிவாகிவிட்டதால், எந்தப் பொருளை எடுத்தாலும் கொடியும் பூவும் சிங்கமுகமும் அப்பிக் கிடந்தன. அச்சில் அடித்தால் பூ இலவசம்போல் வந்துவிடுகிறது. அப்புறம் யார் நிறுத்துவார்கள்?

கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இதைத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தார். ஒரு பொருளின் ஏதோ ஒரு துண்டை மட்டும் நாள் முழுக்கச் செய்கிறவனுக்கு அந்த வேலையில் யோசிக்க என்ன இருக்கிறது, சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, சாயத்தொட்டி, தறி, அச்சுக்கூடம் என்று தானே இறங்கி வேலை செய்தார். 1887-இல் லண்டனில் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் எக்ஸிபிஷன் சொசைட்டி உருவாகி, அடுத்த ஆண்டு முதல் கண்காட்சியை நடத்தியது. இயக்கத்துக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. தோராயமாக 1880 முதல் 1920 வரை இதன் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கொஞ்சம் பின்னால் தொடங்கி, சில பட்டறைகளில் இன்னும் நீண்ட நாள் ஓடியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே மாதிரித் தோற்றத்தைக் குறிக்கும் பாணி அல்ல. ஒருவர் பாரசீக மயில்களை வரைந்தார், இன்னொருவர் வெறும் பச்சைப் பூச்சோடு ஜாடியை விட்டுவிட்டார். எல்லோரையும் சேர்த்தது மூன்று எண்ணங்கள்: பொருள் எதனால் ஆனது என்பது தெரிய வேண்டும், எப்படிச் செய்தார்கள் என்பது தெரிய வேண்டும், செய்தவருக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

ஆஷ்பியின் பட்டறை

வெள்ளியைப் பொறுத்தவரை நான் யாருக்கும் முதலில் சொல்வது சார்லஸ் ராபர்ட் ஆஷ்பியின் கதை. கட்டடக் கலைஞரான இவர், 1888-இல் லண்டனின் ஏழ்மையான கிழக்குப் பகுதியில் கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட் என்ற கைவினைக் கூட்டுறவைத் தொடங்கினார். சேர்ந்தவர்களில் பலர் வெள்ளித் தொழிலில் முறையாகப் பழகியவர்கள் இல்லை. வேலையைச் செய்தபடியே கற்றுக்கொண்டார்கள். ஆரம்பகாலப் பொருள்களில் விளிம்பு லேசாக ஏறி இறங்குவதையும் சுத்தியல் தடம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருப்பதையும் இன்றும் பார்க்கலாம்.

கில்டின் பொருள்களில் மிகவும் பேசப்படுவது வளையக் கைப்பிடி வைத்த கிண்ணம். ஆழமில்லாத சிறிய கிண்ணம், கீழே ஒரு பாதம். விளிம்பின் பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளிக் கம்பிகள் கிளம்பி, கிண்ணத்தின் அகலத்தையே இரட்டிப்பாக்குகிற அளவுக்குப் பெரிய வளையமாக வெளியே போய், வளைந்து திரும்பி அடியில் சேரும். சிலவற்றில் கம்பி சேருமிடத்தில் ஒரு கல் இருக்கும். டர்க்காய்ஸ் அல்லது பச்சைக் கிரிசோபிரேஸ், பட்டை தீட்டாமல் மேடாக உருட்டியது. விலையுயர்ந்த வைரத்தை இவர்கள் விரும்பவில்லை. கல்லின் நிறம் போதும், அதன் விலை தேவையில்லை என்ற எண்ணம். மூடிகளில் எனாமல் வேலை வரும், அதாவது உலோகத்தின்மேல் உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடிப் பூச்சு. பச்சைக் கண்ணாடிக் குப்பிக்கு வெள்ளிக் கம்பிக் கூடு கட்டிய மதுக்குடுவைகளும் புகழ்பெற்றவை. அந்தக் கண்ணாடியை லண்டன் ஒயிட்ஃபிரையர்ஸில் இருந்த ஜேம்ஸ் பவல் நிறுவனம் ஊதிக் கொடுத்தது.

1902-இல் ஆஷ்பி பட்டறை மொத்தத்தையும் கிளப்பிக்கொண்டு காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் உள்ள சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்குப் போனார். சுமார் 50 கைவினைஞர்கள், குடும்பத்தோடு சேர்த்து 150 பேர். தோட்டம், நல்ல காற்று, மாலையில் நாடகம், பாட்டு என்று வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. வியாபாரம் இல்லை. லண்டனில் இருந்தபோது ஆர்டர் குறைந்தால் ஆட்கள் சில மாதம் வேறு பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பலாம். கேம்ப்டனில் அதற்கு இடம் ஏது? 1908-க்குள் கம்பெனி கலைந்துவிட்டது. ஆனால் அங்கே தங்கிவிட்ட ஜார்ஜ் ஹார்ட் என்ற வெள்ளிக் கைவினைஞரின் குடும்பத்தினர், கில்ட் இருந்த அதே பழைய பட்டு ஆலைக் கட்டடத்தில் இன்றும் வெள்ளி வேலை செய்கிறார்கள்.

இந்த ஊரோடு நமக்கு ஓர் உறவு இருக்கிறது. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சர் முத்து குமாரசுவாமியின் மகன், கேம்ப்டனுக்குப் பக்கத்தில் பிராட் கேம்ப்டனில் வாழ்ந்தார். பாழடைந்து கிடந்த ஒரு பழைய நார்மன் தேவாலயத்தை அவருக்கு வீடாக மாற்றிக் கொடுத்தவர் ஆஷ்பி. குமாரசுவாமியின் மனைவி எத்தலின் சகோதரர் ஃப்ரெட் பார்ட்ரிட்ஜ் கில்டில் நகை செய்தவர். இலங்கையின் மரபுக் கைவினைகளைப் பற்றிய தம் பெரிய நூலைக் குமாரசுவாமி அந்த வீட்டிலேயே, மோரிஸின் அச்சுக்கூடத்திலிருந்து ஆஷ்பியிடம் வந்த அச்சு இயந்திரத்தில் அச்சிட்டு 1908-இல் வெளியிட்டார். கண்டியக் கைவினைஞர்களைப் பற்றி அவர் எழுதியதும், கேம்ப்டனில் நடந்த வெள்ளி வேலையும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

லிபர்ட்டி என்ற சிக்கல்

லண்டன் ரீஜென்ட் தெருவில் 1875-இல் தொடங்கிய லிபர்ட்டி கடை, 1899-இல் சிம்ரிக் என்ற பெயரில் வெள்ளிப் பொருள்களை இறக்கியது. கொஞ்ச காலத்தில் டியூட்ரிக் என்ற பெயரில் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைப் பொருள்களும் வந்தன. பார்க்க அச்சு அசல் கைவேலை போலவே இருக்கும்: சுத்தியல் தடம், எனாமல், பின்னிப் பிணைந்த கெல்டிக் முடிச்சுகள். பெரும்பாலானவை பர்மிங்ஹாமில் டபிள்யூ. எச். ஹேஸ்லர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் துணையோடு செய்தவை. அச்சில் அழுத்தி உருவாக்கிவிட்டு, மேலே சுத்தியலால் தட்டித் தடம் ஏற்படுத்துவார்கள். சிலவற்றில் அந்தத் தடமே அச்சிலிருந்து வந்தது. விலை குறைவு, கடை பெரியது, விளம்பரம் உண்டு. ஆஷ்பிக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் லிபர்ட்டி வெள்ளியை ஒதுக்கிவிட வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் சிறந்த வடிவமைப்பாளர் ஆர்ச்சிபால்ட் நாக்ஸ், ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர். அந்தத் தீவின் பழைய கல் சிலுவைகளில் உள்ள முடிச்சுகளை எடுத்து, கடிகாரத்திலும் பெட்டியிலும் அவர் ஓடவிட்ட கோடுகளுக்கு ஈடாக அந்தக் காலத்தில் வெகு சிலவே உண்டு. வடிவமைப்பாளர்களின் பெயரைக் கடை வெளியே சொல்லாததால், வாழ்ந்த காலத்தில் அவர் பெயர் வாங்குகிறவர்களுக்கே தெரியாமல் போனது. நாக்ஸின் கோட்டுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். கைவேலைக்கான விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

கையால் செய்ததா என்று எப்படிப் பார்ப்பது

கையால் ஒரு கிண்ணம் எப்படி எழும்புகிறது என்று தெரிந்தால் கண்ணுக்கு எதைத் தேடுவது என்று தெரியும். தட்டையான வெள்ளித் தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு புள்ளி குத்திக்கொள்வார்கள். தலை உருண்ட இரும்புத் தண்டின்மேல் தகட்டைச் சாய்த்து வைத்து, வட்டம் வட்டமாக வெளிப்புறத்திலிருந்து அடிப்பார்கள். நடுப்புள்ளியை வைத்துத்தான் ஒவ்வொரு வட்டமும் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகிவிடும். விடாமல் அடித்தால் விரிசல் விழும். நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். இப்படிப் பல சுற்று. கடைசியில் முகம் வழவழப்பான சுத்தியலால் உடம்பு முழுக்க நெருக்கமாகத் தட்டிச் சமன் செய்வார்கள். நாம் பார்க்கும் பட்டைகள் இந்தக் கடைசிச் சுற்றில் வருபவை.

ஆகவே கிண்ணத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுப்புள்ளி இருந்தால் நல்ல அறிகுறி. கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உருவாக்கிய கிண்ணத்தில், உள்ளே விரலை ஓட்டினால் இசைத்தட்டில் இருப்பதுபோல் மெல்லிய வட்டக் கோடுகள் தட்டுப்படும். சுத்தியல் பட்டைகளையும் உற்றுப் பாருங்கள். கையால் அடித்தவை ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், அளவு கொஞ்சம் மாறும், கிண்ணம் வளைகிற இடத்தில் அவையும் வளைந்து நெருங்கும். அச்சில் வந்தவை ஒரே ஆழத்தில், தனித்தனிக் குழிகளாக, வடிவத்தோடு ஒட்டாமல் நிற்கும். கடைசலில் செய்துவிட்டு மேலே சுத்தியலால் தட்டியவையும் ஏராளம் என்பதால், பட்டையை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். விளிம்பைப் பாருங்கள், கைப்பிடி பற்றவைத்த இடத்தைப் பாருங்கள், மூடியின் கீலைப் பாருங்கள். கை எங்கே சிரமப்பட்டிருக்கும் என்று யோசித்து அங்கே பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கிண்ணத்தின்மேல் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். பழைய சொந்தக்காரரின் எழுத்து பொறித்திருந்து, பிறகு யாராவது அதைத் தேய்த்து எடுத்திருந்தால், ஆவி படியும்போது அந்த இடம் நிழலாகத் தெரியும். கட்டைவிரலால் அங்கே லேசாக அழுத்தினால் தகடு மெலிந்திருப்பதும் புரியும்.

முத்திரைகளைப் படித்தல்

பிரிட்டிஷ் வெள்ளியின் பெரிய வசதி ஹால்மார்க். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் முதல் செலவு. நடக்கிற சிங்கம் என்றால் 1000-க்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்ட் (1975-க்கு முன்). கூடவே ஓர் எழுத்து இருக்கும், அது ஆண்டைக் குறிக்கும். ஊருக்கு ஊர் இந்த எழுத்து வேறு: 1900-இல் லண்டனில் ஆங்கிலச் சிறிய 'இ' (e), அதே ஆண்டில் பர்மிங்ஹாமில் சிறிய 'ஏ' (a). அதனால் முதலில் ஊர், அப்புறம் எழுத்து. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கவசக் கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துத்தான் அட்டவணையில் ஒப்பிட வேண்டும்.

1784 முதல் 1890 வரை, வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையையும் பதித்தார்கள். 1900-இல் செய்தது என்று ஒருவர் விற்கும் பொருளில் விக்டோரியாவின் தலை இருந்தால், கேள்வி கேட்க வேண்டியது உங்கள் கடமை. பழைய சாதாரணக் கிண்ணத்தில் பின்னாளில் யாரோ சுத்தியலால் தட்டி நாகரிகமாக்கியிருக்கலாம்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பெயரெழுத்து முத்திரை. அதைச் செய்தவர் முத்திரை என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டப்படி அது, பொருளைச் சோதனைக்கு அனுப்பியவர் முத்திரை. லிபர்ட்டியின் எழுத்துகள் இருந்தால் லிபர்ட்டி சுத்தியல் பிடித்தது என்று பொருளில்லை. ஒமர் ராம்ஸ்டன் இதற்கு நல்ல உதாரணம். ஷெஃபீல்டைச் சேர்ந்த இவர் 1898 முதல் 1919 வரை ஆல்வின் காருடன் கூட்டாகவும், பிறகு தனியாகவும் லண்டனில் பட்டறை நடத்தினார். தம் பொருள்களின் அடியில் 'ஒமர் ராம்ஸ்டன் என்னைச் செய்தார்' என்று லத்தீனில் பொறித்தார். உண்மையில் வேலை செய்தவர்கள் பட்டறையில் இருந்த திறமையான கைவினைஞர்கள். பொருள்கள் அருமையானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியைக் கையெழுத்தாக எண்ணாமல் பட்டறைப் பெயராகப் படிக்க வேண்டும்.

அமெரிக்க வெள்ளியில் இந்த அரசு முத்திரை வசதி இல்லை. 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லும் பட்டறையின் பெயரும்தான் இருக்கும். கிளாரா பார்க் வெல்ஸ் 1900-இல் சிகாகோவில் தொடங்கிய காலோ ஷாப் பெண்களுக்கு வேலை கற்றுக் கொடுத்து வளர்ந்தது. அதன் வெள்ளிக் குடங்கள் அலங்காரமே இல்லாமல், உருண்டு திரண்ட வடிவத்தை மட்டும் நம்பி நிற்பவை. 1970 வரை அந்தப் பட்டறை இயங்கியதால், பழையதையும் பிந்தையதையும் பிரித்தறிய முத்திரையின் சொற்களைக் கவனிக்க வேண்டும்.

மண்ணுக்கு வருவோம்

வெள்ளியை அளந்து, முத்திரை பார்த்து, ஓரளவு நிச்சயத்தோடு வாங்கலாம். மட்பாண்டம் அப்படியில்லை. இங்கே சூளை பாதி வேலையைச் செய்கிறது, அது யாருடைய பேச்சையும் கேட்பதில்லை.

வில்லியம் டி மோர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மோரிஸின் நண்பர். பழைய பாரசீக, ஸ்பானியப் பாண்டங்களில் காணும் உலோகப் பளபளப்பு எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க, லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் குடியிருந்த வீட்டிலேயே சூளை வைத்துச் சோதனை செய்தார். கூரை தீப்பிடித்து எரிந்தது. 1872-இல் செல்சீக்கு இடம் மாறினார். கடைசியில் முறை கைக்கு வந்தது. ஏற்கெனவே பூச்சுப் பூசிச் சுட்ட பாண்டத்தின்மேல் செம்பு அல்லது வெள்ளி உப்பைக் குழைத்து வரைந்து, குறைந்த வெப்பத்தில் மறுபடி சுடுவார்கள். சரியான நேரத்தில் சூளைக்குள் புகை மூட்ட வேண்டும். புகை ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, வரைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உலோகப் படலம் தங்கும். செம்பு கொடுத்தால் மாணிக்கச் சிவப்பு. சில நிமிடம் முன்னோ பின்னோ போனால் எல்லாம் பாழ்.

அவருடைய ஓடுகளில் கப்பல்களும் மீன்களும் விசித்திர மிருகங்களும் திரியும். பெரிய பாண்டங்களின் அடியைத் திருப்பினால் 'எஃப்.பி.', 'சி.பி.', 'ஜே.ஜே.' என்ற எழுத்துகள் கண்ணில் படும். ஃப்ரெட் பாசெஞ்சர், சார்லஸ் பாசெஞ்சர், ஜோ ஜஸ்டர் என்ற ஓவியர்கள். வடிவம் டி மோர்கனுடையது, தூரிகை இவர்களுடையது. மெல்லிய தாளில் வரைந்து, அந்தத் தாளையே ஓட்டின்மேல் ஒட்டி, மேலே பூச்சுப் பூசிச் சுடுகிற முறை அங்கே வழக்கம். தாள் எரிந்துவிடும், ஓவியம் நிற்கும். இவ்வளவு அழகு செய்த பட்டறை லாபம் பார்க்காமலேயே 1907-இல் மூடியது.

மார்ட்டின் சகோதரர்கள் வேறு உலகம். நான்கு அண்ணன் தம்பிகள், 1877 முதல் லண்டனுக்கு மேற்கே சவுத்ஹாலில் சூளை. கொதிக்கும் சூளைக்குள் உப்பை வீசினால் அது ஆவியாகி மண்ணோடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகும். பழுப்பும் நீலமும் கலந்த அந்தப் பூச்சில் மூத்தவர் ராபர்ட் வாலஸ் செய்த பறவை ஜாடிகள்தான் இவர்களைப் புகழ்பெறச் செய்தவை. நீதிபதியைப்போல் முறைப்பதும், பக்கத்து வீட்டுக்காரரைப்போல் கண்ணைச் சுழற்றுவதும் என ஒவ்வொரு பறவைக்கும் ஒரு குணம். தலை தனியாகக் கழன்று வரும். தலையிலும் உடம்பிலும் கையெழுத்தும் தேதியும் கீறியிருக்கும், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. போலிகள் நிறைய. புதியவர் பறவையில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இவர்களுடைய சிறிய பூஜாடிகளே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரஸ்கின் பாட்டரி. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக்கில் 1898-இல் தொடங்கியது. பெயர் ஜான் ரஸ்கினின் நினைவாக. வில்லியம் ஹௌசன் டெய்லர் அதை நடத்தினார். சீனத்துப் பழைய செம்புச் சிவப்புப் பூச்சுகளைப் பின்பற்றி, மிக அதிக வெப்பத்தில் அவர் சுட்ட ஜாடிகளில் ரத்தச் சிவப்பு, புறாச் சாம்பல், ஊதா, நடுநடுவே பச்சைப் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று வழிந்து கிடக்கும். ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. 1930-களில் பட்டறையை மூடியபோது தம் பூச்சுகளின் செய்முறைக் குறிப்புகளையெல்லாம் அவர் அழித்துவிட்டார். 1935-இல் காலமானார். தாம் இல்லாத இடத்தில் தம் நிறங்களை வேறொருவர் மலிவாகச் செய்யக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

இதே ரஸ்கின் பாட்டரி, பூச்சு நன்றாக வந்த சிறிய வட்டத் துண்டுகளைச் செய்து நகை வேலைக்காரர்களுக்கு விற்றது. அவற்றை வெள்ளியிலும் பியூட்டரிலும் பதித்து, உடையில் குத்திக்கொள்ளும் புரோச்சுகள் செய்தார்கள். லிபர்ட்டியின் பியூட்டர் பொருள்களிலும் அந்தத் துண்டுகள் உண்டு. வெள்ளியும் மண்ணும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கும் இந்த புரோச், கையில் அதிகப் பணம் இல்லாதவருக்கு நான் சொல்லும் முதல் பொருள். பின்பக்கம் 'ரஸ்கின்' என்று பதித்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வில்லியம் மூர்கிராஃப்ட்டின் ஜாடிகள் பலருக்கும் பரிச்சயம். மருதாணிக் கோனில் பிதுக்குவதுபோல், களிமண் குழம்பைக் குழாய் வழியாகப் பிதுக்கிப் பூவின் வெளிக்கோடுகளை மேடாக இழுத்து, அந்த மேடுகளுக்கு நடுவே நிறத்தை ஓடவிடுவார்கள். விரலால் தடவினால் கோடு தட்டுப்படும். 1897 முதல் பர்ஸ்லமில் மக்கின்டயர் நிறுவனத்தில் வேலை செய்தவர், 1913-இல் தனித் தொழிற்சாலை வைத்தார். அதற்குப் பண உதவி செய்தது லிபர்ட்டி. நல்லவர், கெட்டவர் என்று இந்தக் காலத்து ஆட்களை இரண்டு வரிசையில் நிறுத்த முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். வில்லியம் 1945-இல் இறந்தபின்பும் அதே முறையில் பல பத்தாண்டுகள் ஜாடிகள் வந்தன. எனவே 'மூர்கிராஃப்ட்' என்றாலே பழையது என்று எண்ண வேண்டாம்.

அமெரிக்காவில் படிக்க மிக எளிதான முத்திரை ரூக்வுட்டுடையது. மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் 1880-இல் சின்சினாட்டியில் தொடங்கிய பட்டறை இது. 'ஆர்', 'பி' இரண்டும் முதுகோடு முதுகாக ஒட்டிய முத்திரை. 1887 முதல் ஆண்டுக்கு ஒரு தீச்சுடர் அதைச் சுற்றிச் சேரும். 1900-இல் 14 சுடர்கள். 1901 முதல் சுடருக்குக் கீழே ரோமன் எண். ஓவியரின் முதலெழுத்துகளும் கீறியிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த கட்டாரோ ஷிராயமடானி வரைந்தவை அவற்றில் தனி மதிப்புள்ளவை. முத்திரையின் குறுக்கே சக்கரத்தால் அறுத்த 'எக்ஸ்' இருந்தால், பட்டறையே குறையுள்ளது என்று ஒதுக்கிய பொருள். நல்லதாகவே இருக்கலாம், விலை மட்டும் குறைய வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் நியூகம் பெண்கள் கல்லூரி 1895-இல் தொடங்கிய பட்டறையில் ஜாடியை வனைந்தவர் ஜோசப் மேயர் என்ற ஆண், வரைந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரே கை தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய வேண்டும் என்ற கொள்கை இங்கேயும் முழுதாக நடக்கவில்லை.

பழுது, பராமரிப்பு

மட்பாண்டத்தில் முதலில் விளிம்பையும் பாதத்தையும் விரலால் சுற்றிவாருங்கள். கண் தவறவிடும் சில்லு விரலுக்குத் தெரியும். பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழைக் கீறல்கள் பல பாண்டங்களுக்கு இயல்பு, அதைப் பழுதாகக் கணக்கிட வேண்டாம். உடம்பை ஊடுருவும் விரிசல் வேறு. விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் நல்ல ஜாடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். ஒட்டி நிறம் பூசியிருந்தால் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். பழுது பார்த்தது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. விற்பவர் அதைச் சொல்ல வேண்டும், விலை அதற்கேற்ப இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏலக் கூடங்களில் பார்வை நாள் என்று ஒன்று உண்டு. வாங்காவிட்டாலும் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க அனுமதிப்பார்கள். படத்தில் எடை தெரியாது, அடிப்பக்கம் தெரியாது. அருங்காட்சியகம் என்றால் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், சிப்பிங் கேம்ப்டன் கோர்ட் பார்ன், ரஸ்கின் பாட்டரிக்கு வெட்னஸ்பரி. அமெரிக்காவில் ரூக்வுட்டுக்குச் சின்சினாட்டி கலை அருங்காட்சியகம், எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2021-இல் திறந்த தனி அருங்காட்சியகம்.

வாங்கிய வெள்ளியை நகைக் கடையில் கொடுத்து மெஷின் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். சுழலும் துணிச் சக்கரம் சுத்தியல் பட்டைகளின் ஓரத்தைத் தின்றுவிடும், திரும்ப வராது. முக்கி எடுக்கும் திரவங்களும் வேண்டாம். பள்ளங்களில் தங்கியிருக்கும் கருமை வேலைப்பாட்டைத் தூக்கிக் காட்டுகிறது, திரவம் அதையும் வெளுத்துவிடும், எனாமலையும் கெடுக்கும். மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பருத்தித் துணி போதும். ரப்பர் பேண்ட் சுற்றி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும். மயிரிழைக் கீறல் உள்ள ஜாடியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், அழுக்குநீர் கீறல் வழியாக உள்ளே இறங்கித் தங்கிவிடும். டி மோர்கனின் உலோகப் பளபளப்புள்ள பாண்டத்தை வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும், பாத்திரம் துலக்கும் நாரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.